கைக்குழந்தையோடு பெகுவுக்கு: எங்கள் வீட்டு வண்டி ஒழுகிய கதை

மழைக்காலத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மோட்டாரில் பெகு போகலாமா, வீட்டு வண்டி கட்டிக்கொள்வது பிரயோஜனப்படுமா என்று சிநேகிதிகள் மூன்று பேர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். நாங்கள் புறப்பட்டது வைகாசியில். இப்போது ஆவணி. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பதின்மூன்று மாதக் குழந்தை பேனாவைப் பிடுங்காத நேரம் ஒரு நாளில் எவ்வளவு கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியும். தனித்தனியாக எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் காரணம். என் கணவருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடி. ஊர் ஊராகப் போய்க் கண் பார்த்து, கண்ணாடி பொருத்திக் கொடுத்துவிட்டு வருவார். போன ஐப்பசியில் அவர் டவுங்கூ போயிருந்த ஒன்பது நாளில் குழந்தை வேலனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று மாதச் சிசு. ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதை ஓரத்து வீட்டில் நானும் அவனும்தான். ரயில் போகும்போதெல்லாம் அவன் மூச்சு எனக்குக் கேட்காது. ரயில் போய் முடியும்வரை மூக்கருகே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னேன்: இனி மழைக்காலத்தில் நான் தனியாக இருக்க மாட்டேன், போகிற இடத்துக்கு நாங்களும் வருகிறோம். அதற்காகக் கட்டியதுதான் வீட்டு வண்டி.

ஒரு டன் லாரியின் அடிச்சட்டம் வாங்கி, அதன்மேல் தேக்குப் பலகையில் பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலத்துக்கு ஓர் அறை. இரண்டு படுக்கைப் பலகை, ஓர் அலமாரி, பக்கத்துக்கு இரண்டு ஜன்னல். கூரைப் பலகைமேல் கித்தான் ஒட்டி வெள்ளை வர்ணம் பூசியது. கட்டியவர் கெமண்டைன் துறையில் படகு கட்டும் கோ முத்து. நாகப்பட்டினத்துத் தகப்பனார், பர்மியத் தாயார். பர்மியில் ஆணுக்குக் 'கோ', பெண்ணுக்கு 'மா' மரியாதைச் சொல்; பெயரில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டிருக்கிறார். நாற்பத்தைந்து நாளில் முடித்து மாசியில் கொடுத்தார். கூடவே ஓராண்டு உத்தரவாதச் சீட்டும் கொடுத்தார். ஒழுகினால், இணைப்பு விட்டால், கூலி வாங்காமல் சரிசெய்து தருவதாக ஆங்கிலத்தில் ஆறு நிபந்தனைகள். என் கணவர் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். காலேஜில் படித்த தோஷம், நான் அதை முழுதும் படித்தேன். நான்காவது நிபந்தனை: வண்டியின் சொந்தக்காரர் கூரையிலோ சுவரிலோ தாமாகத் துளை போட்டால் உத்தரவாதம் செல்லாது.

நான் அதைப் படித்த நாளில் துளை ஏற்கெனவே போட்டாயிற்று.

வேலன் பலகையில் தூங்க மாட்டான். தூளியில்தான் தூங்குவான். வண்டி வந்த நான்காம் நாள், இவர் வெளியூரில் இருந்தபோது, இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தூளிக்கு ஒரு வளையம் போடச் சொன்னேன். குழந்தையின் பாரம் தாங்க வேண்டும் என்று நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ரயில்வண்டிக்குப் போடுவதுபோல் நீளமான போல்ட்டை விட்டத்தில் நுழைத்து, பலகையையும் கித்தானையும் துளைத்து, கூரைக்குமேல் நட்டுப் போட்டு இறுக்கிவிட்டார். யானைக்குட்டியைக் கட்டித் தொங்கவிடலாம். பங்குனி, சித்திரையில் ஒரு சொட்டு மழை இல்லை. இன்சீன், தாவுச்சான் என்று பக்கத்து ஊர்களுக்குப் போய்வந்தோம். வேலன் தூளியில் நிம்மதியாகத் தூங்கினான். நிபந்தனையை மறந்தும் போனேன்.

வைகாசி மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே காலுக்குப் பெகுவுக்குப் புறப்பட்டோம். ஐம்பது மைல். டிரைவர் மைதீன் அண்ணன். ஐந்தரை காலன் பெட்ரோல் போட்டோம். ஏழு மணிக்கு இன்சீன், எட்டேகாலுக்கு தாவுச்சான். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் புரோம், வலப்பக்கம் திரும்பினால் பெகு. ஒன்பது மணிக்கு இருபத்தெட்டாம் மைலில் ஹிலேகு. சந்தை ஓரத்தில் ஓர் அம்மாள் மோஹிங்கா விற்கிறார். மீன் குழம்பில் ஊறிய சேமியாபோல இருக்கும். கிண்ணம் ஓர் அணா. நல்ல சூடு, நல்ல சுத்தம். இந்த வழியில் போகிறவர்கள் அங்கேயே காலை ஆகாரத்தை முடித்துக்கொள்ளலாம். அதற்கு அப்பால் இருபது மைலுக்கு நம்பிச் சாப்பிட எதுவும் இல்லை.

பத்து இருபதுக்கு, முப்பத்துநான்காம் மைல் தாண்டியதும் மழை பிடித்தது. ரங்கூன் மழையை நான் சொல்ல வேண்டியதில்லை. கால் மணி நேரத்தில் இடப்பக்க ஜன்னலுக்குமேல் பலகை கறுத்தது. பிறகு சொட்டியது. பிறகு ஓடியது. படுக்கை, குழந்தைத் துணி மூட்டை, கண்ணாடிப் பெட்டியின் மூடி எல்லாம் நனைந்தன. நான் முதலில் பார்த்தது வளையத்தைத்தான். அது காய்ந்து கிடந்தது. ஜன்னல் அங்கிருந்து நாலடி தள்ளி இருக்கிறது. அப்படியானால் என் துளை காரணமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரீட்சையில் தப்பான விடையை எழுதிவிட்டுச் சரியென்று சாதிக்கிற மாதிரி.

திரும்பி ஹிலேகுவுக்கே வந்தோம். மோஹிங்கா அம்மாள் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டையை வாங்கி, அடுப்புக்குமேல் கயிறு கட்டித் துணியெல்லாம் உலர்த்திக் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "யபாதே, யபாதே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அவர் பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அன்று திரும்பும் வழியில் என் கணவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஆனி முதல் தேதி நான் பெகுவில இருக்கணும், கமலா. ஒரு வாரத்துக்கு இடம் பேசியாச்சு, ஊரெல்லாம் சொல்லியும் ஆச்சு. அதுக்குள்ள வண்டி ஒழுகாம நின்னா மூணு பேரும் போவோம். இல்லேன்னா நான் ரயில்ல போயிடறேன். நீயும் புள்ளையும் இங்கேயே இருங்க. அங்கிருந்து டவுங்கூ. ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம். ரயில் பாதை ஓரத்து வீடு. எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை.

மறுநாள் வண்டியைக் கெமண்டைனுக்குக் கொண்டுபோக வேண்டும். கோ முத்து கூரையில் ஏறினால் நட்டைப் பார்ப்பார். நட்டைப் பார்த்தால் நான்காவது நிபந்தனை. உத்தரவாதம் போய்விட்டால், வேறு வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நம் வண்டியைக் கையில் எடுக்க அவருக்கு என்ன அவசியம்? தேதி தவறிவிடும். இவர் குளிக்கப் போன சமயம் மைதீன் அண்ணனைக் கூப்பிட்டு வளையத்தைக் கழற்றிவிடச் சொன்னேன்.

"இதக் கழட்டிட்டா புள்ள எங்க தூங்கும் தங்கச்சி?"

"ரெண்டு நாளைக்கு என் மடியில தூங்கட்டும் அண்ணே. ஓட்டையை மெழுகு வச்சு அடைச்சிடுங்க. மேலே துணி ஒட்டி வெள்ளை அடிச்சிடுங்க."

"மெழுகா? வைகாசி வெயில்லயா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி. நான் ஒண்ணும் பாக்கல. என் கண்ணுக்குத்தான் ஐயா கண்ணாடி போடணும்னு சொல்லிக்கிட்டிருக்காரே."

கோ முத்து மூன்று நாள் வேலை செய்தார். ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, இடுக்குகளில் பஞ்சு திணித்து, படகுக்குப் பூசுவதுபோல் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு எங்களை நிற்கவைத்துக் கூரைமேல் முப்பது வாளி தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. கூலி வாங்கவில்லை. நான் எவ்வளவு நன்றி சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

காலை ஏழு மணிக்கு மெழுகு கெட்டியாகத்தான் இருக்கும். அதற்குப்பின் இரண்டு நாள் வெயிலில் வண்டி நின்றது. மூன்றாம் நாள் சோதித்துப் பார்க்க இன்சீன்வரை ஒன்பது மைல் போனோம். இரண்டு மணிக்கு மழை. இந்தத் தடவை அதே ஜன்னல்மேல், முன்பைவிட இரண்டு மடங்கு. தூளி இல்லாததால் பலகையில் கிடத்தியிருந்த வேலன் முதுகு முழுதும் நனைந்து எழுந்தான். அன்று சாயங்காலமே இருமல். நெஞ்சில் கர்கர் என்று ஒரு சத்தம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஆனி பிறக்க நாலு நாள். மறுபடி கெமண்டைன். கோ முத்து வண்டிக்குள் போய், உட்சுவரைத் தட்டிப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். வெளியே வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"சார், இது என் கை தப்பு. இந்தப் பக்கச் சுவர் முழுசும் பிரிச்சாகணும். இருபது வருஷமா படகு கட்டுறேன், என் மூட்டு இப்படி விட்டதே கிடையாது. எங்க விட்டேன்னு தெரியல. ரெண்டு படகு வேலைய நிறுத்தி வச்சிட்டு, நாலு ஆளப் போட்டுச் செய்யறேன். அஞ்சு நாள் குடுங்க. ஒரு காசு வேணாம்."

"அஞ்சு நாள் எனக்கு இல்லையே" என்றார் என் கணவர். என் பக்கம் திரும்பினார். "நான் ரயில்லயே போயிடறேன் கமலா. வேற வழி இல்ல."

கோ முத்து உளியைக் கையில் எடுத்துவிட்டார். அவருடைய மனைவி மா மியா பட்டறை வாசலில் உட்கார்ந்து, இருமுகிற வேலனை மடியில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு குற்றமும் செய்யாத மனிதர் தம் கையையே திட்டிக்கொண்டு, சரியாக இருக்கிற சுவரை உடைக்கப் போகிறார். நான் வாயைத் திறந்தால் உத்தரவாதம் போகும். திறக்காவிட்டாலும் இவர் போய்விடுவார். என்ன யோசித்துப் பேசினேன் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. "கோ முத்து அண்ணே, சுவரைத் தொடாதீங்க" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், நட்டு, நிபந்தனை, மெழுகு.

என் கணவர், "அந்த வளையம் இவர் வச்சதுன்னுல்ல நினைச்சேன்" என்றார். மைதீன் அண்ணனுக்குத் திடீரென்று ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கும் வேலை வந்துவிட்டது.

கோ முத்து உளியைக் கீழே வைத்தார். "வளையம் இருந்த இடம் நனைஞ்சுதா?"

"இல்லை. ஜன்னல்தான்."

"மா கமலா, தண்ணி நேரா நடக்காது. ஒரு எடத்துல பூந்து, விட்டத்தப் பிடிச்சுக்கிட்டே போயி, தனக்குப் பிடிச்ச எடத்துல எறங்கும். இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அந்த மூணு நாளும் சோறு தின்னிருப்பேன்."

ஒரு இரும்புச் சட்டியில் ஈரத் தேங்காய் மட்டையைக் கொளுத்தி வண்டிக்குள் வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்தினார். படகில் ஓட்டை தேட இப்படித்தான் செய்வார்களாம். புகை வெளியே வருகிற இடம்தான் தண்ணீர் உள்ளே போகிற இடம். நாங்கள் எட்டி நின்று பார்த்தோம். கால் மணி ஆயிற்று. இடப்பக்கச் சுவரில் ஒரு இழை புகைகூட இல்லை. கூரை நடுவில், நாங்கள் வெள்ளையடித்த துணிக்கு அடியிலிருந்து, ஊதுவத்தி மாதிரி ஒரே கோடாகப் புகை எழுந்தது.

"மெழுகு" என்றார் கோ முத்து, மைதீன் அண்ணன் இருந்த திசையைப் பார்த்து.

"நான் அப்பவே சொன்னேன்" என்றது ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் உத்தரவாதச் சீட்டை எடுத்து நீட்டினேன். நான்காவது நிபந்தனையைத் தமிழில் சொல்லி, இது உங்கள் பொறுப்பில்லை, ஆகிற செலவை நாங்கள் கொடுத்துவிடுகிறோம், எங்கள் வேலையை மட்டும் முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அப்படியா போட்டிருக்கு? எனக்கு இங்கிலீசு தெரியாது. கச்சேரி வாசல்ல மனு எழுதுறவன்ட்ட எட்டணா குடுத்து, நல்லதா ஒண்ணு எழுதித் தாப்பான்னேன். அவன் எந்தக் கம்பெனிச் சீட்டப் பாத்துக் காப்பி அடிச்சானோ."

அதற்குள் மா மியா பர்மியில் என்னவோ கேட்டார். கோ முத்து பதில் சொன்னார். கேட்டுவிட்டு மா மியா படபடவென்று பொரிந்து தள்ளினார். பட்டறை ஆட்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"பர்மாக்காரங்க வீட்டுலயும் தொட்டிலக் கூரையிலதான் கட்டுவோம். என் நாலு புள்ளையும் அப்படித்தான் தூங்குச்சு. புள்ளகுட்டிக்காரிக்கு வீடு கட்டினியே, தொட்டில் கட்ட ஒரு எடம் விடத் தெரியலையா, ரோஜாப்பூ செதுக்கின அலமாரி மட்டும் செய்யத் தெரிஞ்சுதாங்கறா." கோ முத்து கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அவ சொல்றது ஞாயந்தான். ஓட்டை உங்களுது. எடம் விடாதது என்னுது. கூலி என் கணக்கு. இரும்புக்கு மட்டும் குடுங்க."

இரும்புக்கு ஒரு ரூபாய் இரண்டணா ஆயிற்று. துளையில் குங்கிலியத்தில் தோய்த்த தேக்கு ஆப்பை அடித்து, மேலே புதுக் கித்தான் ஒட்டி மூன்று பூச்சு வர்ணம் கொடுத்தார். விட்டத்தின் இரு பக்கமும் தேக்குக் கட்டை வைத்து, பக்கவாட்டில் போல்ட்டுப் போட்டு, அதில் வளையத்தைத் தொங்கவிட்டார். கூரையை எதுவும் தொடவில்லை. மறுநாள் மாலை நாலு மணிக்கு வேலை முடிந்தது. வளையத்தில் அவரே தொங்கிப் பார்த்தார். பிறகு இரண்டு ஆட்களையும் தொங்கச் சொன்னார்.

அதோடு அவர் கேட்டது ஒன்றுதான். அந்தச் சீட்டைத் தமிழிலும் பர்மியிலும் புதிதாக எழுதித் தர முடியுமா என்றார். தமிழை நான் எழுதினேன். நான்காவது நிபந்தனையை அவர் சொல்லச் சொல்ல இப்படி மாற்றினேன்: "எங்கே துளை வேண்டுமோ முதலில் வந்து சொல்லவும். நானே போட்டுத் தருவேன்."

ஆனி பிறப்பதற்கு முதல் நாள், காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டோம். மூன்று பேரும், மைதீன் அண்ணனும். ஹிலேகுவில் எட்டரை. மோஹிங்கா அம்மாள் அன்று கடை போடவில்லை. அவருக்கென்று கொண்டுபோன சீப்பு வாழைப்பழத்தைப் பக்கத்துக் கடையில் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்தாறாம் மைலில் மழை. நாற்பத்திரண்டாம் மைலில் சாலைமேல் முக்கால் அடித் தண்ணீர், அரை மணி நின்றோம். நான் ஜன்னலுக்குமேல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். இருமல் ஓய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குப் பெகு போய்ச் சேர்ந்தோம்.

கேட்டிருந்த சிநேகிதிகளுக்கு: போகலாம். தைரியமாகப் போகலாம். ஆனால் கோடையில் வண்டி வாங்கினால் மழை வரும்வரை காத்திருக்காதீர்கள். வாங்கிய வாரமே வெயில் ஏறிய பிற்பகலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். காலையில் ஊற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. சொட்டுகிற இடத்தை நம்பாதீர்கள், தேங்காய் மட்டைப் புகையை நம்புங்கள். குழந்தைத் துணியைத் தகர டின்னில் வையுங்கள். பெட்ரோல் போக வர பதினோரு காலன், காலன் ஒன்றரை ரூபாய். மழைக்காலத்தில் விடியற்காலையிலேயே புறப்பட்டால் பாதி வழி காய்ந்த சாலையில் போய்விடலாம். உத்தரவாதச் சீட்டை அவசியம் படியுங்கள். படித்துவிட்டு, எழுதியவரோடு ஒரு வார்த்தை பேசுங்கள். நான் சீட்டைப் பார்த்துப் பயந்தேனே தவிர, அதன் கீழே கையெழுத்துப் போட்ட மனிதரைப் பார்க்கவில்லை. அந்தப் பயத்தால் அவருக்கு மூன்று நாள் வேலை வீண், என் குழந்தைக்கு இருமல். அதையும் மீறி எல்லோரும் எனக்கு நல்லதே செய்தார்கள்.

பெகுவில் அன்று நாலு மணிக்குப் பெரிய மழை. என் கணவர் எழுந்து, உள்சுவர் நான்கையும் கூரையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். உட்கார்ந்து, அடுத்து இடம் கேட்டு டவுங்கூவில் இருக்கும் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார். எழுதி முடித்து, மை உலர என் பக்கம் வைத்தார். அதில் இருந்தது: "எனக்கு அறை வேண்டாம். குடும்பத்தோடு வருகிறேன். குழந்தைத் துணி துவைக்க வேண்டும், ஆகையால் வண்டி நிறுத்தக் கிணற்றுக்குப் பக்கமாக ஓர் இடம் பார்த்து வைக்கவும்."